இரண்டு ரோட்டுக்கும் ஒரு சைக்கிள்

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் ஆதார் அட்டையை வாங்கி நகல் எடுப்பேன். சாவி கொடுப்பேன். வெந்நீர் எந்நேரம் வரும் என்று சொல்வேன். ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், குரங்கு வந்து பையோடு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எச்சரிப்பேன். அதன் பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இங்க பாக்கறதுக்கு என்னென்ன இருக்குதுங்க?"

அதற்கு என்னிடம் மனப்பாடமாக ஒரு பதில் உண்டு. ஏரி, காட்சிமுனைகள், மலை உச்சிக் கோயில். கூட்டம் பிடிக்காதவர்கள் என்று முகத்திலேயே தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சொல்வேன். "மாரமங்கலம் போற ரோட்டுல போய்ப் பாருங்க. ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம். ஒரு எடத்துல மரமெல்லாம் வெலகி பள்ளம் முழுசாத் தெரியும். அங்க சித்த நேரம் உக்காருங்க." இது எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வேலையை விட்டுப் போனபோது சாவிக்கொத்தோடு அந்தப் பேச்சும் என் கைக்கு வந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஈரோட்டிலிருந்து வந்து தங்கிய ஓர் அம்மாள், அறையைக் காலி செய்யும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க அந்த மாரமங்கலம் ரோட்டுல போனோம். நொம்ப நேரம் உக்காந்திருந்தோம். லீவு நாள்ல நீங்களும் அங்கதான் போய் உக்காந்துக்குவீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க" என்றேன்.

மலைக்கு வந்து அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன. ஏரி, பஸ் ஸ்டாண்டு, காய்கறிக் கடை, இதைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. எனக்கு லீவு வாரத்தின் நடுவில் வரும். பஸ்கள் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்காக ஓடுகின்றன. ஜீப்பில் போகலாம்தான். ஆனால் ஒரு சின்ன ஊரில் தனியாக ஒரு பெண் இறங்கினால், "யாரு ஊட்டுக்குங்க வந்தீங்க?" என்று நல்ல மனதோடுதான் கேட்பார்கள். சொல்வதற்கு எனக்கு ஒரு வீடு இல்லை.

சேலத்தில் இருந்தது. அம்மா இருந்தவரை அது எங்கள் வீடு. கல்யாணம் ஆகாத மகள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அம்மா போன பிறகு அண்ணனோ அண்ணியோ என்னைப் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் படுத்த அறைக்குள் முதலில் பிள்ளைகளின் மேசை வந்தது, பிறகு ஒரு பீரோ, பிறகு தையல் மெஷின். கட்டிலைச் சுவரோரம் தள்ளித் தள்ளி, கடைசியில் இந்த லாட்ஜ் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தங்க அறையும் தருவார்கள் என்றார்கள். அண்ணன் அடிவாரம் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த ஈரோட்டு அம்மாள் போன சாயங்காலம், மின்சாரம் நின்றுபோனதால் ஜெனரேட்டர் அறைக்குப் போனேன். அங்கே மூலையில் இரண்டு கியர் சைக்கிள்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒரு காலத்தில் வாங்கியவை. ஒன்றுக்கு முன்சக்கரம் நெளிந்திருந்தது. மற்றொன்றுக்குச் சங்கிலி துருவேறிக் கட்டையாகிப் போயிருந்தது. பள்ளிக்கூட நாட்களில் அண்ணனுடைய சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டியவள் நான். நன்றாகவே ஓட்டுவேன். மேனேஜரிடம் கேட்டேன்.

"எடுத்துக்குங்க மேடம். எடைக்குப் போடலாம்னுதான் வெச்சிருந்தேன்" என்றார். பிறகு, "இந்த மேட்டுல சைக்கிளா?" என்று சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவரிடம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஜீப் டயரைக் கழற்றியபடியே தலையை ஆட்டினார். "இதுக்கெல்லாம் இங்க சாமான் கெடைக்காதுங்க. மலைமேல யாரு சைக்கிள் ஓட்டறாங்க? காத்து வேணும்னா புடிச்சுத் தர்றேன்." காற்று பிடித்தார். திரும்பி வருவதற்குள் அது இறங்கிவிட்டது.

சைக்கிள் ஆர்வலர்களின் குழு ஒன்று போனில் இருந்தது. அதில் படம் எடுத்துப் போட்டு, இதைச் சரிசெய்து தார் ரோட்டிலும் எஸ்டேட் ஜல்லி ரோட்டிலும் ஓட்ட முடியுமா, செலவு அதிகம் ஆகாமல், என்று கேட்டேன். பழைய இரும்புக்கு எதற்கு அழுகிறீர்கள், புதிதாக வாங்குங்கள் என்றார்கள் சிலர். ஒருவர், வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா என்று கேட்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் மதியம் எனக்குத் தனியாக ஒரு பெண்ணின் குரல் செய்தி வந்திருந்தது. பின்னணியில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

"அக்கா, வணக்கமுங்க. நானு தாராபுரத்துல இருந்து பேசறேன். உங்க சைக்கிள் போட்டோ பாத்தேன். ஃபிரேமு நொம்ப நல்ல ஃபிரேமுங்க, தூக்கிப் போட்றாதீங்க. முன்னாடி சக்கரத்தப் புடிக்கற ஸ்பிரிங் வெச்ச ஃபோர்க்கு இருக்குது பாருங்க, அது செத்துப் போச்சு. அத மட்டும் எடுத்துப்போட்டுட்டு சாதா இரும்பு ஃபோர்க்கு ஒண்ணு மாட்டுங்க. பாதி கனம் கொறஞ்சிரும். மத்ததெல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலமுறை கேட்டேன். பாத்துக்கலாம். அதில் இரண்டு பேர் இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு சைக்கிள் ஷோரூமில் வேலை செய்தாராம். பெட்டியில் பகுதி பகுதியாக வரும் சைக்கிள்களை ஒன்றாகப் பூட்டி, பிரேக்கும் கியரும் ஒழுங்கு செய்து வெளியே நிறுத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டப் போகும் கூட்டத்தோடு வாளையாறு வரைக்கும் போய் வந்திருக்கிறார். கல்யாணமானதும் எல்லாம் நின்றது. யாரும் தடுக்கவில்லை என்றார். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்றார். இப்போது இரண்டு பிள்ளைகள், மாமியார், மதியம் வீடு தூங்கும்போது கிடைக்கும் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில்தான் எனக்குப் பேசி அனுப்புவார். நான் மேசையில் உட்கார்ந்து, ஒரு விருந்தாளிக்கும் அடுத்த விருந்தாளிக்கும் நடுவில் காதில் வைத்துக் கேட்பேன்.

ஃபோர்க் வாங்கச் சேலத்துக்கு இறங்கினேன். தையல் டேப்பால் அளந்துகொண்டு போயும் முதலில் வாங்கியது கழுத்து குட்டையாக இருந்தது. மாட்டிப் பார்த்தால் திருகு வெளியே எட்டவேயில்லை. அதைப் படம் எடுத்து அனுப்பியபோது அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. "நானும் மொத மொதல்ல இப்படித்தானுங்க மாட்டிட்டு முழிச்சேன். கடைக்காரருகிட்டக் குடுத்து மாத்திக்குங்க, அவருக்குத் தெரியும்." மாற்றிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஃபோர்க்கை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து வந்தேன். கண்டக்டர், "இது எந்தக் கோயிலு வேலுங்க?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று இரவு அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் ஃபோர்க் கிடைத்ததைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

இரண்டு சைக்கிள்களையும் கழற்றி ஒன்றாக்கினோம். ஒன்றிலிருந்து ஃபிரேமும் பின்சக்கரமும். மற்றதிலிருந்து பெடல், சீட், பிரேக் கைப்பிடிகள். மற்றதன் முன்சக்கரம் துருவேறி உதவாமல் போயிருந்ததால், நெளிந்ததையே சேலத்தில் கொடுத்துக் கோட்டம் எடுத்து வாங்கினேன். ஃபோர்க்கைப் போல டயரும் புதிது. அதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "முழுக்க முண்டு முண்டா இருக்கற டயரு வேண்டாங்க அக்கா. தார் ரோட்டுல உங்க உசுர எடுக்கும். வழவழன்னு இருக்கறதும் வேண்டாம், ஜல்லியில வாரி உட்டுரும். நடுவுல பட்டையா, ஓரத்துல மட்டும் முண்டு இருக்கோணும். நல்லா அகலமா வாங்குங்க. காத்தக் கொஞ்சம் கம்மியா அடிங்க." முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களில் நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையும் அதற்கான கியர் ஒயரையும் கழற்றச் சொன்னார். எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகக் கெட்டுப்போகும் என்றார். மேடு ஏற, பின்சக்கரத்தில் தட்டுபோல ஒரு பெரிய பல்சக்கரம்.

இடது பெடலைக் கழற்ற ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன். ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் பார்த்தேன். கை தோல் உரிந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, ஜெனரேட்டர் அறைத் தரையில், கிரீஸ் பிசுக்கோடு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பெடலுக்காக அழுதேனா என்று தெரியவில்லை. மறுநாள் அவர் சொன்னார். "அய்யோ, நாந்தானுங்க சொல்லாம உட்டுட்டேன். இடது பெடலு மட்டும் எதிர்ப்பக்கமாத் திரும்போணும். நீங்க கழட்டல, இறுக்கிட்டு இருந்திருக்கீங்க." எதிர்ப்பக்கம் திருப்பினேன். முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது.

மழை ஓய்ந்து பனி தொடங்கியபோது சைக்கிள் எழுந்து நின்றது. அழகு என்று சொல்ல முடியாது. ஃபிரேம் ஒரு நிறம், ஃபோர்க் ஒரு நிறம். ஆனால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலில் ஏரிக்கரை. பிறகு ஒரு லீவு நாளில் மஞ்சக்குட்டை. தார் ரோட்டிலிருந்து எஸ்டேட் பாதைக்குள் திரும்பியதும் சக்கரத்துக்குக் கீழே ஜல்லி பேசத் தொடங்கியது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி அசையாமல் நின்றது. காப்பிச் செடிகளில் பழம் சிவந்திருந்தது. எங்கோ பறிக்கிற பெண்களின் பேச்சு கேட்டது, ஆள் தெரியவில்லை. மேட்டில் மூச்சு முட்டும்போது இறங்கித் தள்ளினேன். ஏறி முடித்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. பக்கத்தில் திரும்பி, "பாத்தியா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அங்கே மிளகுக்கொடி சுற்றிய ஒரு மரம் நின்றது.

போனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துப் பதிவைப் போட்டுக்கொண்டு, இறக்கத்தில் சைக்கிளை விட்டேன். அந்த ஜல்லிச் சத்தத்தை அப்படியே அவருக்கு அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. மதியம் பதில் வந்தது. "அக்கா, அரிசி களையற சத்தமாட்டவே இருக்குதுங்க. நாலு தடவ கேட்டேன். சங்கிலி சுத்தமா ஓடுது."

அதன் பிறகு நான் போன இடத்துக்கெல்லாம், அனுப்பிய சத்தத்தின் வழியாக அவரும் வந்தார். மரப்பாலத்தின் பலகைகள், மழைநீர் தேங்கிய பள்ளம், நாகலூர்ப் பக்கம் ஒரு நாய் துரத்திக்கொண்டு வந்தது, காட்டெருமை ஒன்று ரோட்டோரம் நின்றதால் நான் மூச்சுக்கூட விடாமல் நின்ற நேரம். கடைசியில் மாரமங்கலம் ரோட்டுக்கும் போனேன். மரங்கள் விலகும் அந்த இடம் உண்மையிலேயே இருந்தது. அங்கே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் காற்றை மட்டும் அனுப்பினேன்.

ஆனால் சைக்கிள் முடிந்துவிட்டதால் கேட்பதற்குக் கேள்விகள் இல்லாமல் போயின. ஜல்லிச் சத்தத்துக்கு எத்தனை முறைதான் ஒருவர் பதில் சொல்ல முடியும்? பதில்கள் சிறியதாகின. சில நாள் ஒரு சிரிப்புப் படம் மட்டும் வந்தது. ஒரு நாள் நான், பின்னால் ஏதோ டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று செய்தி அனுப்பினேன். உண்மையில் சத்தம் எதுவும் வரவில்லை. உடனே பதில் வந்தது. அச்சு நட்டைப் பாருங்கள், ஸ்போக்ஸ் கம்பிகளை விரலால் தட்டிப் பாருங்கள், சீட்டைக் கழற்றி மாட்டுங்கள். ஒவ்வொன்றையும் செய்ததாகச் சொன்னேன். இன்னும் வருகிறது என்றேன்.

"சரி, அந்தச் சத்தத்தப் புடிச்சு அனுப்புங்க அக்கா, கேட்டுப் பாத்தாத் தெரிஞ்சு போயிரும்" என்றார்.

வேறு வழியில்லாமல் ஓட்டிப் பதிவு செய்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தபோது வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் மிக்ஸி மட்டும் ஓடியது. அதை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"அக்கா, அந்தச் சைக்கிள்ல ஒரு சத்தமும் இல்லீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏனுங்க, ரிப்பேரு வந்தாத்தான் பேசோணும்னு இருக்குதுங்களா? சும்மாவே பேசுங்க" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சும்மாவே பேசலாம் என்று ஆனபிறகுதான் என்ன பேசுவது என்று தெரியாமல் போனது. நெடுநேரம் யோசித்து, "சாப்டீங்களா?" என்று அனுப்பினேன்.

காப்பி பூக்கிற சமயத்தில் அவர் ஒரு செய்தி சொன்னார். வீட்டுக்காரரும் அவர் சொந்தக்காரர்களும் வேன் பிடித்து ஏற்காடு வருகிறார்கள். காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறார்கள். "ஏரிக்கு வருவோம். உங்களப் பாக்கோணும் அக்கா. சைக்கிளக் கொண்டாருங்க."

அது ஞாயிற்றுக்கிழமை. மேனேஜரிடம் கெஞ்சி அரை நாள் வாங்கினேன். சைக்கிளைக் கழுவித் துடைத்தேன். ஒரு ஃபிளாஸ்க்கில் காப்பி போட்டு, இரண்டு டம்ளரைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தேன். பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கினேன். அம்மாவைப் பற்றி. கட்டிலைச் சுவரோரம் தள்ளியதைப் பற்றி. பெடலைக் கழற்ற முடியாமல் அழுததைப் பற்றி. இதையெல்லாம் போனில் சொன்னதில்லை. நேரில் சொல்லலாம் என்று தோன்றியது.

படகுத்துறை வாசலில் நின்றேன். வேன் தாமதமாக வந்தது. இறங்கியவர்களில் யார் என்று தேடினேன். குரலை வைத்து நெடுநெடுவென்று ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் குள்ளமாக, கொஞ்சம் பருமனாக, மாம்பழ நிறச் சேலையில், தோளிலிருந்து நழுவும் பையோடு வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்பே சைக்கிளைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"வந்துட்டீங்களாங்க" என்றேன். எப்போதோ வந்து நிற்பவள் நான்.

"ஆமாங்க. வர்ற வழியில பாப்பாவுக்கு வாந்தி." இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு மேல் வரவில்லை. அவருடைய நாத்தனார்கள் சுற்றி நின்றார்கள். வீட்டுக்காரர் நல்ல மனிதராகத் தெரிந்தார். "உங்களப் பத்திச் சொல்லிருக்கா. லாட்ஜுல இருக்கீங்களாமா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "சீசனுக்குக் கூட்டம் அதிகமுங்களா?" "அதிகமுங்க." அதற்குள் அவர் மனைவியின் கை தானாகப் போய் முன்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டது. ஒரு நாத்தனார், "அண்ணி, பஞ்சர் கடை வெக்கப் போறீங்களா?" என்றார்.

படகுக்குச் சீட்டு வாங்கினார்கள். ஏறும் நேரத்தில் அவர், "எனக்குத் தண்ணியப் பாத்தா தலை சுத்துதுங்க, நீங்க போயிட்டு வாங்க, நான் இவங்களோட நின்னுக்கறேன்" என்றார். வீட்டுக்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். படகு நகர்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"தண்ணியாவது தலை சுத்தறதாவது" என்றார். "அக்கா, ஒரே ஒரு ரவுண்டு."

நான் ஃபிளாஸ்க்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். "போயிட்டு வாங்க" என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். சைக்கிள் சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தேன். ஏறினார். முதல் சில அடிகள் ஆடியது. பிறகு ஆடவில்லை.

ஏரிக்கரை ரோட்டில் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். என்னைக் கடக்கும்போது, "கியரு நல்லா விழுகுதுங்க!" என்று கத்தினார். நிற்பார் என்று ஓரடி முன்னால் வந்தேன். நிற்கவில்லை. மறுபடி போனார். கடலை வண்டிகளுக்கும் பலூன் விற்பவர்களுக்கும் நடுவே நுழைந்து நுழைந்து, ஒரு காரைத் தாண்டி, மேட்டில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு. அடுத்த முறை கடக்கும்போது கையை மட்டும் தூக்கினார். அதற்கடுத்த முறை என்னைப் பார்க்கவேயில்லை. முகம் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, ரோட்டின் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு போனார். அப்படி ஒரு முகத்தை நான் வரவேற்பு மேசையில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் படகு ஏரியின் அந்தக் கரையைத் தொட்டுத் திரும்புவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நெருங்க நெருங்க, சொல்ல அடுக்கி வைத்திருந்தவை ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. எங்களுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அதை அவர் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்.

முதலில் இறங்கி வந்தவர் வீட்டுக்காரர். "எங்கீங்க அவ?"

"இப்ப வந்துருவாங்க" என்றேன்.

வந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் பாட்டுக்கு நின்றார். பெரிய பையன், "அம்மா பாரு, அம்மா பாரு!" என்று குதித்தான். "இவளுக்கு இப்படி ஓட்டத் தெரியுமா?" என்றார் என்னிடம், மெதுவாக. தன் வீட்டைப் பற்றி யாரோ வெளியாள் சொல்லித் தெரிந்துகொண்டதுபோல இருந்தது அவர் குரல். "நல்லா ஓட்டுவாங்க" என்றேன்.

இறங்கிய அவருக்கு மூச்சு வாங்கியது. சேலை ஓரத்தில் செம்மண். நாத்தனார்கள் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். ஹேண்டில்பாரை என் கையில் கொடுத்தபோது அவர் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. "பின்பிரேக்கு ஒரு சுத்து இறுக்குங்க அக்கா" என்றார். "சரிங்க" என்றேன். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். கோயிலுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமாம்.

அவர்கள் போன பிறகு ஏரிக்கரைக் கம்பியின் மேல் சாய்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்தேன். மீதியை அங்கே கடலை விற்கும் பெண்ணுக்குக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்றார்.

சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. பிறகு ஒரு மதியம் அவர் குரல் வந்தது.

"அக்கா, எம்மேல கோவமுங்களா? உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன். ஏறுனதும் எறங்க மனசு வரலீங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த உக்காந்து பேசல. ராத்திரி வேன்ல வர்றப்ப நெனச்சு நெனச்சு எனக்கே அசிங்கமா இருந்துச்சு." பிறகு, "ஊட்டுக்காரரு ஒரு சைக்கிளு வாங்கித் தரட்டுமான்னு கேட்டாருங்க. வேண்டான்னுட்டேன். இங்க நான் சைக்கிள்ல போனா ஊரே பாக்கும். அங்க யாருக்கும் என்னத் தெரியாது பாருங்க" என்றார்.

எனக்கும் இங்கே யாரையும் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். பதிலைப் பதிவு செய்தேன், அழித்தேன். கோபம் இல்லை என்று சொன்னேன், அது குரலில் கோபமாகக் கேட்டது, அழித்தேன். அம்மாவைப் பற்றித் தொடங்கினேன். ஒரு குடும்பம் அறை கேட்டு வந்து நின்றது. அழித்தேன். கடைசியில், "பின்பிரேக் இறுக்கிட்டேங்க. இப்ப நல்லாப் புடிக்குது" என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் பேசினோம். ஆனால் முன்புபோல இல்லை. அவர் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது. பையன் பெரிய வகுப்புக்குப் போனான். மதியத் தூக்கம் அந்த வீட்டில் இல்லாமல் போயிருக்க வேண்டும். இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் வருகிறது. நானும் படம் அனுப்புகிறேன். யார் மேலும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

சைக்கிள் நன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு லீவுக்கும் எடுக்கிறேன். ஊர்களில் என்னைத் தெரிந்துவிட்டது. "சைக்கிளு மேடம் வர்றாங்க" என்கிறார்கள். யார் வீட்டுக்கு வந்தேன் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. சைக்கிளில் வருகிறவள் சைக்கிள் ஓட்ட வந்தவள், அவ்வளவுதான். மாரமங்கலத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு முறை தண்ணீர் கொடுத்தார். "ஏனுங்க, தனியாவா வந்தீங்க?" "ஆமாங்க." "பயமில்லீங்களா?" "இல்லீங்க." அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, மிளகைத் துழாவத் திரும்பினார். அவருக்கு வேலை இருந்தது.

போன வாரம் மஞ்சக்குட்டை தாண்டி எஸ்டேட் பாதையில் பின்டயர் பஞ்சர் ஆனது. சாயங்காலம், பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை வெளியே எடுத்தேன். காற்று அடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெல்லத் திருப்பினால் ஓட்டை இருக்கும் இடத்தில் சில்லென்று படும். கண்டுபிடித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினேன். கை பாட்டுக்குச் செய்தது. ஒரு இடத்திலும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டயரை உள்ளே தள்ளும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே வேலை முடிந்து போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னுங்க ஆச்சு?" என்றார் டிரைவர். "ஏறிக்குங்க, சைக்கிள மேல கட்டிக்கலாம்."

"இல்லீங்க. முடிஞ்சிருச்சு. நீங்க போங்க."

"பனி வருதுங்க."

"பரவால்லீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். அந்தச் சிரிப்பு வளைவைத் தாண்டியும் கொஞ்ச நேரம் கேட்டது. அது நின்றதும், ஏறியிருக்கலாம் என்று தோன்றியது. இடம் இருந்தது. ஒருவர் நகர்ந்து உட்காரக்கூடத் தொடங்கியிருந்தார். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. சைக்கிள் சரியாகிவிட்டது, அதனால் வேண்டாம் என்றேன்.

கையைப் புல்லில் துடைத்தேன். சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கினேன். விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினேன். ஜல்லி முடிந்து தார் ரோடு வந்ததும் சத்தம் அடங்கியது. லாட்ஜுக்குப் போகும் கடைசி மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, இறங்காமல், மெதுவாக மிதித்தேன்.